மூன்றாவது படி

ஒரு கோடையில் பத்து நாள் ஏற்காட்டில் தங்கியிருந்தேன். விடியுமுன் எழுந்து, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆசனம், பிராணாயாமம் எல்லாம் ஒழுங்காகச் செய்வேன். சேர்வராயன் மலைக் காற்று மூச்சோடு உள்ளே போகும்போது, பாதி யோகியாகிவிட்டதாகவே தோன்றும்.

கடைசி நாள் காலை, காப்பி வர அரைமணி தாமதமாயிற்று. பங்களாக் காவற்காரப் பெரியவரைச் சுடுசொல் சொல்லிவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. பால்காரன் வராததால் மூடுபனியில் கடைத்தெரு வரை நடந்துபோய் அவரே பால் வாங்கி வந்திருக்கிறார். பஸ் ஏறிய பிறகு உடன் வந்த நண்பர் சொல்லித்தான் அது எனக்குத் தெரிந்தது.

சேலத்துக்கு இறங்கும் அந்தப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். டிரைவரைக் கவனித்தேன். வளைவுக்குள் நுழைந்த பிறகு அவர் பிரேக்கைத் தேடவில்லை. அதற்கு முன்பே கியரைக் குறைத்து வேகத்தை அடக்கிக்கொண்டார்.

பதஞ்சலி யோகத்துக்கு எட்டு அங்கங்கள் சொன்னார். ஆசனம் அவற்றில் மூன்றாவதுதான். முதல் அங்கமான யமத்தில் முதலில் நிற்பது அஹிம்சை. கையால் மட்டுமல்ல, வாயாலும் பிறரை நோகச் செய்யாமை. அதைத் தாண்டிக் குதித்து நேரே மூன்றாம் படியில் ஏறி உட்கார்ந்தவன் நான்.

காலையில் மூச்சை அடக்கிப் பழகுவது எதற்கு? பகலில் கோபம் வரும் வளைவுக்கு முன்பே வேகம் குறைந்திருப்பதற்குத்தானே? பாயில் இருக்கும்வரை எல்லோரும் யோகிகள்தாம். பாயைச் சுருட்டிய பிறகு எதிரே வரும் முதல் மனிதரிடம்தான் பரீட்சை.

இதையெல்லாம் நினைத்து முடிப்பதற்குள் கடைசி வளைவும் தாண்டியாகிவிட்டது. மன்னிப்புக் கேட்க வேண்டியவர் மலைமேல் இருந்தார்.