பொதுவிடத்தின் வாயில்

ஊருணி, சாவடி, சந்தைத் திடல், நூலகம் எனப் பொதுவிடங்கள் பலவற்றை நம் சிற்றூர்களும் சிறுநகர்களும் கண்டுள்ளன. அவ்வரிசையில் இன்று இணையமும் வந்து சேர்கின்றது. 2020 டிசம்பரில் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'பி.எம். வாணி' திட்டத்தின்படி, தேநீர்க் கடைக்காரரும் மளிகைக் கடைக்காரரும் உரிமம் பெறாமலே பொது வைஃபை வழங்கலாம். இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் ஒரு வினா எழுகின்றது: கருவி பொதுவிடத்தில் இருப்பதனாலேயே அது அனைவர்க்கும் பொதுவாகிவிடுமா?

ஊருணி நீர் ஊருக்கே உரியது என்று சொல்லப்பட்ட காலத்திலேயே, அதன் படித்துறையில் இறங்கலாகாது எனச் சிலர் விலக்கப்பட்டதை நாம் அறிவோம். நீர் பொதுவாயிருந்தது; படித்துறை பொதுவாயில்லை. இணையத்திற்கும் இத்தகைய படித்துறை ஒன்று உண்டு.

1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், புதுச்சேரியை அடுத்த வில்லியனூரை மையமாகக் கொண்டு சிற்றூர்களில் தகவல் மையங்களை அமைக்கத் தொடங்கியது. கணினிக்கு ஊரார் இடம் தரவேண்டும். அவ்விடத்தில் சாதி வேறுபாடின்றி எவரும் நுழைய இயலவேண்டும் என்பது அங்கு முன்வைக்கப்பட்ட நிபந்தனை. எம்பலத்தில் மையம் கோயில் வளாகத்திலேயே அமைந்தது. மீனவர் வாழும் வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து பெற்ற அலை உயர முன்னறிவிப்பு ஒலிபெருக்கி வழியே கடற்கரைக்குச் சொல்லப்பட்டது. எழுத்தறியாதவரும் அதனால் பயன் பெற்றனர்.

2004 டிசம்பர் 26 அன்று, ஆழிப்பேரலை பற்றிய எச்சரிக்கை நல்லவாடு என்னும் மீனவர் ஊருக்குச் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்தது. தகவல் மையத்தின் ஒலிபெருக்கி அதனை ஊர் முழுவதற்கும் முழங்க, மக்கள் கரையை விட்டு ஓடி உயிர் பிழைத்தனர். ஒரு வீட்டிற்கு வந்த செய்தியை ஊரின் செய்தியாக்கியது பொதுவிடமே அன்றோ?

'இன்று கைதோறும் திறன்பேசி உள்ளதே. பொது மையம் எதற்கு?' எனக் கேட்பாருண்டு. திறன்பேசி அதனை வைத்திருப்பவர்க்கே பேசுகின்றது. முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டிய மூதாட்டிக்கு வேண்டுவது அலைக்கற்றை மட்டுமன்று. அருகிலமர்ந்து படித்துச் சொல்லும் ஒருவரும் வேண்டும். தனக்கெனக் கைபேசி இல்லாத பெண்ணுக்கு, அச்சமின்றி வந்து அமர ஓர் இடம் வேண்டும்.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. பொது வைஃபை நம் கைபேசி எண்ணைக் கேட்கின்றது. பூங்காவின் கண்காணிப்புக் கேமரா நம் முகத்தைப் பதிகின்றது. தனிமறைவு அடிப்படை உரிமை என உச்சநீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. அவ்வுரிமை செல்வர்க்கு மட்டும் உரியதன்று. விலையின்றி இணையம் பெறும் ஏழை, தன் நடமாட்டத்தை விலையாகத் தர நேருமாயின், அதனை இலவசம் என அழைத்தல் முறையாமோ? எது பதியப்படுகின்றது, யாரிடம் சேர்கின்றது என்பதை வாயிலிலேயே நல்ல தமிழில் எழுதி வைத்தல் கடமையாகும்.

ஆகவே, நம் ஊரின் பொதுவிடத்திற்கு இணையம் வரும்போது அதன் விரைவை மட்டும் அளந்து மகிழ்தல் போதாது. வாயிலுக்கு வெளியே இன்னும் நிற்பவர் யார் என்று திரும்பிப் பார்ப்போம். அவரை உள்ளே அழைத்து அமரச் செய்வது எந்தக் கருவியாலும் இயலாது. அது நம் பொறுப்பு.