வாசகர் கடிதப் பக்கம்

வண்டலூர் சாலையில் பழைய பேப்பர் கடை வைத்திருப்பவர், தராசில் ஏற்றுவதற்கு முன்னால் எனக்காகச் சில கட்டுகளை ஒதுக்கி வைப்பது வழக்கம். இந்த முறை ஒதுக்கியிருந்தது ஒரு பைண்டு வால்யூம். ‘பொன்னியின் செல்வன்’ மூன்றாம் பாகம். கல்கி வார இதழிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்தது. காலிகோ முதுகு, மைதாப் பசை, ராமபாணம் அரித்த ஓரம். பைண்டர் கொஞ்சம் உள்தள்ளித் தைத்துவிட்டதால் வரிகளின் ஓரத்தில் ஓரிரு எழுத்துகள் தையலுக்குள் போய்விட்டன. மணியம் வரைந்த குதிரை ஒன்றின் கழுத்தில் ஊசி போன ஓட்டை.

கதை தெரிந்ததுதான் என்பதால் அதை விட்டுவிட்டு மற்றதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு அத்தியாயம் முடியும் தாளின் பின்புறத்தில் கூந்தல் தைல விளம்பரம். இன்னொன்றில் பாதி துணுக்கு. மீதிப் பாதி எந்த வீட்டிலோ அடுப்பெரிக்கப் போயிருக்கும். தொடர்கதையின் முதுகில் அச்சானதால் மட்டும் இவை தப்பின. அட்டை இல்லை, தலையங்கம் இல்லை, வாசகர் கடிதம் ஒன்றுகூட இல்லை.

1950-லிருந்து 1954 வரை அந்தத் தொடர் வந்தபோது வாரா வாரம் காத்திருந்து படித்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் எவ்வளவோ பேர் எழுதிப் போட்டிருப்பார்கள். நந்தினியைத் திட்டியிருப்பார்கள், சரித்திரத்தில் பிழை பிடித்திருப்பார்கள், சீக்கிரம் முடிக்க வேண்டாம் என்று கெஞ்சியிருப்பார்கள். வீட்டுக்கு வீடு தைத்து வைத்த வால்யூம்களில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. கதையைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றிய அதே கைகள்தான், கதையைப் பற்றிய பேச்சைப் பலசரக்குக் கடைக்குப் பொட்டலம் மடிக்க அனுப்பின.

இதழை இதழாகவே வைத்திருந்தவர்கள் சிலர் உண்டு. காரைக்குடி பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதுவது அவர் தொழில். புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று கையில் கிடைத்ததையெல்லாம் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994-ல் அது ஓர் ஆராய்ச்சி நூலகமாக உருவெடுத்தது. இன்று தரமணியில் இருக்கிறது. எங்கள் கேளம்பாக்கத்திலிருந்து பழைய மகாபலிபுரம் சாலையிலேயே வடக்கே போனால் வந்துவிடும். ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படி அவர் ஒருவர் சேர்த்தது என்கிறார்கள். எனக்கு அங்கே பிடித்தது எண்ணிக்கை அல்ல. விளம்பரமும் கடிதமும் துணுக்கும் கிழியாமல் இருக்கிற முழு இதழ்கள்.

*

எங்கள் குடியிருப்பின் வாட்ச்மேன் அண்ணன் செய்யாறு பக்கத்துக்காரர். க்ரைம் நாவல்தான் அவருக்கு உயிர். பழைய பேப்பருக்குப் போகும் வார இதழ்களை எடுத்து வைத்துக்கொள்வார். போன மாதம் அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலைக் கொடுத்தேன். சின்னப் புத்தகம், மிரட்டாது.

‘தண்ணீர்’ 1970-களின் தொடக்கத்தில் கணையாழி இதழில் வந்தது. சென்னையின் தண்ணீர்ப் பஞ்சம், அடிபம்பு, தோண்டிப் போட்ட தெரு, சேறு. அதற்கு நடுவே சினிமாவில் நடிக்கலாம் என்ற ஆசையில் ஏமாந்துகொண்டே இருக்கும் ஜமுனா, அவள் தங்கை சாயா. அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர்; அந்த ஏமாற்று எப்படி நடக்கும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் குரல் எழுப்பாமல் எழுதுகிறார்.

இந்த நாவலைப் படிக்க கேளம்பாக்கத்தைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. கிழக்கே உப்பளமும் கழிமுகமும். போர் போட்டால் பல இடங்களில் உப்புத் தண்ணீர். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013-லிருந்து நெம்மேலியில் ஓடுகிறது, இங்கிருந்து அதிகத் தூரமில்லை; ஆனால் எங்கள் குடியிருப்புக்குத் தண்ணீர் லாரியில்தான் வருகிறது. 2019 கோடையில் இந்தச் சாலை நெடுகிலும் இருந்த மென்பொருள் கம்பெனிகள் சில, தண்ணீர் இல்லை, வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று ஆட்களை அனுப்பின. அரை நூற்றாண்டுக்கு முந்தைய நாவல் என்று சொல்ல வாய் வரவில்லை.

“படிச்சீங்களாண்ணே?”

“முடிச்சிட்டேன் சார். அந்த டீச்சரம்மா தன் கதையைச் சொல்ற இடம் இருக்குல்ல, அதை மட்டும் மறுபடியும் படிச்சேன். அவ்வளவு கஷ்டத்தையும் சொல்றாங்க, ஒரு சொட்டு அழுவ மாட்டேங்கறாங்க.”

“பிடிச்சிருந்ததா?”

“முடிவுதான் சரியில்ல. அந்தப் பொண்ணு பொழைச்சுக்குவாளா மாட்டாளான்னு சொல்லாம விட்டுட்டாரு. நம்ம நாவல்ல கடைசிப் பக்கத்துல எல்லாம் தெரிஞ்சிரும்.”

விமர்சகர்கள் அசோகமித்திரனின் பெருமையாகச் சொல்வதை இவர் குறையாகச் சொல்கிறார். ஆனால் இரு தரப்பும் பார்த்தது ஒரே இடம்தான். டீச்சரம்மா வரும் பகுதியை நாவலின் நடுத்தூண் என்று நானும் நினைத்திருக்கிறேன்; அழாததுதான் காரணம் என்று எனக்குச் சொல்லத் தோன்றியதில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே லாரி வந்தது. எழுந்து கேட்டைத் திறந்துவிட்டு, வண்டி எண், நேரம், பன்னிரண்டாயிரம் லிட்டர் என்று நோட்டில் எழுதி டிரைவரிடம் கையெழுத்து வாங்கினார். நோட்டுக்கு அடியில் ‘தண்ணீர்’. திருப்பிக் கொடுக்கும் உத்தேசம் இருப்பதாகத் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

*

கல்கி 1941-ல் தொடங்கிய இதழ். 2020-ல் அச்சில் வருவது நின்றது. கொரோனா ஊரடங்கில் கடைகள் மூடியிருந்த சமயம் என்பதால், நின்றதே பலருக்கு உறைக்கவில்லை.

*

வல்லிக்கண்ணனும் தி.க.சி.யும் நெல்லைச் சீமைக்காரர்கள். இருவரும் கார்டு எழுதியே ஒரு தலைமுறையை வளர்த்தவர்கள். முதல் தொகுதி போட்ட ஒரு இளைஞன், எந்த ஊரில் இருந்தாலும், ஒரு பிரதியை அனுப்பி வைத்தால் சில நாளில் அஞ்சலட்டை வந்துவிடும். நுணுக்கி நுணுக்கி எழுதி, முகவரிப் பக்கத்தின் ஓரம்வரை நிரப்பிய அட்டை. தி.க.சி. ‘தாமரை’ இதழின் ஆசிரியர் பொறுப்பில் இருந்தவர், திருநெல்வேலி சுடலைமாடன் கோயில் தெரு வீட்டிலிருந்து கடைசிக் காலம்வரை எழுதிக்கொண்டிருந்தார். 2014-ல் மறைந்தார். வல்லிக்கண்ணன் மறைந்தது 2006-ல். இருவருக்கும் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது, அச்சான விமர்சன நூல்களுக்காக. அச்சாகாத கார்டுகள் எத்தனை ஊர்களில், எத்தனை டிரங்குப் பெட்டிகளில் கிடக்கின்றனவோ.

இவர்கள் மீது ஒரு புகார் உண்டு: எல்லாரையும் பாராட்டிவிடுகிறார்கள், உமியும் அரிசியும் ஒன்றாகிவிடுகிறது. புகாரில் நியாயம் இருக்கிறது. ஆனால் அட்டை ஒருவன் பெயருக்குப் போகிறது, ஊருக்கெல்லாம் அல்ல. அடுத்த புத்தகத்தை அவன் எழுத வேண்டும் என்ற கவலையோடு எழுதிய வார்த்தைகளை ஊர் முன்னால் சொன்ன தீர்ப்பாக எடுத்துக்கொள்வது சரியல்ல. பாராட்டில் மிகை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அதற்கு ஆன செலவு, படித்த நேரம் போக, ஓர் அஞ்சலட்டையின் விலைதான்.

*

க.நா.சு. அந்த ரகமில்லை. ‘படித்திருக்கிறீர்களா?’ என்று கட்டுரைகள் எழுதினார். நல்ல எழுத்தாளர்கள் என்று பட்டியல் போட்டார். பட்டியலில் இல்லாதவர்கள் கோபித்தார்கள். இருந்தவர்களுக்குள்ளும் சிலர், பக்கத்தில் இருந்த பெயரைப் பார்த்துக் கோபித்தார்கள். காரணம் சொல்லாமல் பெயரை மட்டும் சொல்கிறார் என்று கேலியும் நடந்தது. அந்தக் கேலியில் எனக்கும் பாதி சம்மதம். பட்டியல் எதையும் விளக்குவதில்லை.

மீதிப் பாதி சம்மதம் இல்லாததற்குக் காரணம் அவருடைய மொழிபெயர்ப்புகள். பேர் லாகர்க்விஸ்டின் ‘பாரபாஸ்’ அவர் கையில் ‘அன்பு வழி’ ஆயிற்று. செல்மா லாகர்லெவ் ‘மதகுரு’வாகவும், நட் ஹாம்சன் ‘நிலவள’மாகவும் வந்தார்கள். ஸ்வீடனையும் நார்வேயையும் பார்த்திராத தமிழ் வாசகர்கள் பலர் அவற்றைத் தங்கள் ஊர்க் கதையாகப் படித்திருக்கிறார்கள். ஒரு புத்தகம் பிடித்திருக்கிறது என்று சொல்ல, உட்கார்ந்து அதை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை தமிழில் எழுதிக் கொடுப்பதைவிட நீண்ட வழி எது? கட்டுரையில் சொல்லாத காரணமெல்லாம் அங்கே இருக்கிறது.

சி.சு. செல்லப்பா 1959-ல் ‘எழுத்து’ தொடங்கியபோது, விமர்சனத்துக்கென்றே ஒரு பத்திரிகை நடத்த முடியும் என்று நம்பினார். பிறகு, போட்ட புத்தகங்களைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். கருத்துச் சொன்னவரே மூட்டையும் தூக்கினார். இப்போது நாம் சொல்லும் கருத்துகளுக்கு அந்தப் பாரம் கிடையாது.

*

கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணனுக்கு எழுதிய கடிதங்களை இரவில் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். கோவில்பட்டி பக்கம் இடைசெவல் இருவருக்கும் ஊர், பால்ய சிநேகிதர்கள். ஒருவர் பத்திரிகை வேலைக்குச் சென்னை, மலாயா என்று போனார். மற்றவர் ஊரிலேயே விவசாயம் பார்த்தார். கடிதங்களில் சங்கீதமும் கம்பனும் உடம்பு நோவும் பணமுடையும் கலந்து கிடக்கின்றன. புத்தகத்தைப் பற்றிய பேச்சு இதற்குள் எங்கேயாவது தலைகாட்டும், அதற்கென்று தனியாக இடம் கேட்காது. கார்டு எழுதிய பெரியவர்களிடம் இருந்த தட்டிக்கொடுத்தல் இங்கே இல்லை, பட்டியல் போட்டவரின் கறாரும் இல்லை. சமமான இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்கள். புத்தகத்தில் இருப்பது ஒரு பக்கத்துப் பேச்சுதான். பதிலை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். சில இடங்களில் கி.ரா. என்ன எழுதியிருப்பார் என்று அவருடைய குரலிலேயே கேட்கிறது.

கடிதங்களைப் பாதியில் வைத்துவிட்டு அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ கதையை மறுபடி படித்தேன். அவர் மறைந்த 1970-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது இந்தப் பெயர் கொண்ட தொகுதிக்குத்தான் கிடைத்தது. கதை தெரிந்தவர்களுக்கு மறந்திருக்காது. பத்திரிகையில் வேலை பார்க்கும் ஒருவர். அவரிடம் புத்தகத்துக்காகப் பாய்ந்து விழும் குழந்தைகள். அவருக்குப் பிடித்தவர்களுக்கு டைரி கிடைக்கிறது. சாரங்கன் என்ற பையனுக்குக் கிடைக்கவில்லை. அவன் தானே ஒரு டைரியைக் கொண்டுவந்து, அன்பளிப்பு என்று அவரையே எழுதச் சொல்கிறான். இதுவரை இதைப் பிரியத்துக்கு ஏங்கும் குழந்தையின் கதையாகத்தான் படித்தேன். இந்த முறை வேறொன்று கண்ணில் பட்டது. அந்தக் குழந்தைகளிலேயே, புத்தகத்தைப் பற்றித் தனக்கென்று ஒரு அபிப்பிராயம் வைத்திருப்பவனும் அதைப் பெரியவர்களிடம் சொல்லத் துடிப்பவனும் சாரங்கன்தான் என்று எனக்குப் படுகிறது. கதைசொல்லி அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. டைரிக்கு முன்பே அவன் ஒருமுறை விடுபட்டுவிட்டான்.

*

வாடகை நூல்நிலையம் ஒன்று மூடியபோது வந்த நாவல் ஒன்று என்னிடம் இருக்கிறது. எழுதியவர் பெயரை இங்கே சொல்வதில் பிரயோஜனம் இல்லை. கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒருவர்: ‘அருமை’. அதன் கீழே நீல மையில் இன்னொருவர்: ‘நேர விரயம்’. மூன்றாவதாகச் சாய்வெழுத்தில்: ‘உங்களை யார் கேட்டது?’ மூவருக்கும் பெயர் இல்லை, தேதி இல்லை. அந்த நாவலில் அதைவிட நல்ல உரையாடல் எதுவும் இல்லை.

நூலகப் புத்தகத்தில் எழுதுவது தப்பு என்று எனக்கும் தெரியும். எழுதாமல் இருந்திருந்தால் அந்த நாவலை இத்தனை நாள் வைத்திருக்க மாட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

*

ஜனவரி வந்தால் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போய்ப் பை நிறைய வாங்குகிறோம். 1977-லிருந்து நடக்கிற திருவிழா அது. தாம்பரத்திலும் கேளம்பாக்கத்திலும் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அந்தப் பைகளோடு இரண்டு பேராவது கண்ணில் படுவார்கள். வாங்கியதில் பாதியைப் படிக்கிறோம். படித்ததைப் பற்றி எழுதியவருக்கு ஒரு வரி போடுகிறவர்கள் மட்டும் எனக்குத் தெரிந்த வட்டத்தில் மிகக் குறைவு. தமிழில் எழுதிப் பணம் பார்த்தவர்கள் சொற்பம். தன் புத்தகத்தை யார் படித்தார்கள் என்பதே பலருக்குத் தெரியாது.

இந்த வருஷம் படித்ததில் பிடித்த ஒரு புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிடிக்காததாக இருந்தாலும் சரி, காரணம் இருந்தால் போதும். எழுதியவர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் ஒரு கார்டு போடுங்கள். தலைப்புப் பக்கத்துக்குப் பின்புறம் பதிப்பகத்தின் முகவரி இருக்கும். அங்கே அனுப்பினால் பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிடும்.