பாத்திரத்தில் யார் பெயர்?

நாம் ‘நகாசு’ என்று வழங்கும் சொல் ‘நக்ஷ்’ என்னும் அரபுச் சொல்லடியிலிருந்து வந்தது. செதுக்கி அழகுபடுத்துதல் என்பது அதன் பொருள். கன்னார் தெருவிலும் பாத்திரக் கடையிலும் நடந்துவந்த அவ்வேலை இன்று வீட்டு மேசைக்கே வந்துவிட்டது. லேசர் ஒளியால் மரத்திலும் தோலிலும் வண்ணம் பூசிய எஃகுக் குவளையிலும் எழுத்துப் பொறிக்கும் சிறு கருவிகளைப் பலர் வீட்டிலேயே வைத்திருக்கின்றனர்.

தட்டையான பலகையில் பொறிப்பது எளிது. வளைந்த குவளையில்தான் சங்கடம். ஒளி ஒரு குறிப்பிட்ட தூரத்தில் மட்டுமே ஊசிமுனையாகக் குவியும். குவளையின் நடுமுதுகில் கூர்மையாக விழும் ஒளி, பக்கம் சரியுமிடத்தில் பரந்து மங்கிவிடும். ஆதலால் குவளையை உருளைகளின்மேல் கிடத்தி, எழுத்துக்கு ஏற்ப அதுவே சிறிது சிறிதாகச் சுழலுமாறு செய்கின்றனர். 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள குவளையின் சுற்றளவு ஏறத்தாழ 251 மில்லிமீட்டர். இக்கணக்குப் பிழைத்தால் வட்டம் முட்டை வடிவாகிவிடும். அடி சிறுத்து வாய் அகன்ற குவளையாயின், பொறிக்கும் பக்கம் மட்டமாகும்படி அதைச் சாய்த்து வைக்கவேண்டும். பளபளக்கும் வளைவில் பட்டுத் தெறிக்கும் ஒளி கண்ணைக் கெடுக்கும். ஆகவே அந்த ஒளிக்கென்றே அமைந்த கண்ணாடியும் மூடிய பெட்டியும் இன்றியமையாதவை.

இத்தனையும் கற்றவருக்குப் பொறிக்கும் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் யார் பெயரைப் பொறிப்பது? இதற்குக் கருவி விடை சொல்லாது.

சீர்வரிசைப் பாத்திரங்களில் பெயர் வெட்டும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. உரியவர் பெயர் இருந்தால் விருந்துக்கு இரவல் போன அண்டா தவறாமல் வீடு திரும்பும். கொடுத்தவர் பெயருக்கு அப்படியொரு பயன் இல்லை. “இது இன்னார் தந்தது” என்று அப்பாத்திரம் நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கும். கொடுத்ததைச் சொல்லிக்காட்டுவதை அரபியில் ‘மன்னு’ என்பர். வாயால் சொல்லிக்காட்ட நாணும் நாம், பாத்திரத்தின் வாயால் சொல்லிக்காட்டலாமா?

“அன்பின் நினைவாகப் பொறிப்பதில் என்ன குற்றம்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. பாட்டி தந்த குவளையில் அவர் பெயரைக் கண்டு பேரன் மகிழ்வான். ஆனால் வறிய உறவினருக்கு உதவியாகத் தந்த குடத்தில் நம் பெயர் இருந்தால், அதை விருந்தினர் முன் வைக்க அவர் கூசுவார். பெயர் ஒன்றே, பெறுபவரின் நிலையைப் பொறுத்து அது நினைவாகவும் அமையும், சுமையாகவும் அமையும்.

1163ஆம் ஆண்டில் ஹிராத்தில் உருவான வெண்கல வாளியொன்று இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெள்ளியும் செம்பும் பதித்த அதில், செய்யச் சொன்னவர் பெயரும் உரியவர் பெயரும் மட்டுமல்ல, செய்த முஹம்மத் இப்னு அப்துல் வாஹித், நகாசு வேலை புரிந்த மஸ்ஊத் இப்னு அஹ்மத் ஆகியோரின் பெயர்களும் உள்ளன. பெயர் பொறிப்பது உரிமை கொண்டாடுவதற்கு மட்டுமன்று, உழைத்தவரை ஒப்புக்கொள்வதற்கும் ஆகும் என்பதற்கு அது சான்று.

முன்பு கைவேலைக்காரரைத் தேடிப் போய்க் கூலி கொடுத்துக் காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பில் மறுபடி யோசிக்க இடமிருந்தது. இன்று அந்த இடைவெளியை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். ஒளி அகற்றிய பூச்சு மீண்டும் ஒட்டாது. ஆகவே கருவியை இயக்குமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்: இப்பெயர் இல்லாவிட்டாலும் இதை இவருக்கு இதே மகிழ்ச்சியோடு கொடுப்போமா? ‘ஆம்’ என்று உள்ளம் சொல்லுமாயின், பெயரைப் பொறித்தாலும் தீங்கில்லை, விட்டாலும் குறைவில்லை.