களைப்பு ஈமானின் பலவீனமா?

 



நம் காஞ்சிபுரம் உழைப்பால் பெயர் பெற்ற ஊர். விடிந்ததும் தறிக்குழியில் கால் வைப்பவர் இங்கே இருக்கிறார். காந்தி சாலை ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நின்று சேலை விரித்துக் காட்டுபவர் இருக்கிறார். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளுக்கு ஷிப்ட் பஸ் ஏறும் இளைஞர் இருக்கிறார். இப்படி உழைத்து உழைத்து ஓய்ந்துபோன ஒருவர், "இனி என்னால் முடியவில்லை" என்று சொன்னால் அது ஈமானின் பலவீனமா? பொறுமை இல்லாமையா? அப்படித்தான் பலர் நினைக்கிறார்கள். அதனாலேயே வெளியே சொல்லாமல் உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கிறார்கள்.

வெள்ளிதோறும் நாம் ஓதும் அல்கஹ்ஃப் அத்தியாயத்தைச் சிந்தித்துப் பாருங்கள். மூஸா (அலை) அவர்கள் நீண்ட பயணத்தில் தம் உதவியாளரிடம் உணவைக் கொண்டுவரச் சொல்கிறார்கள். இந்தப் பயணம் தங்களைக் களைப்படையச் செய்துவிட்டது என்பதையும் வாய்விட்டுச் சொல்கிறார்கள். ஒரு நபி தம் களைப்பைச் சொன்னதை அல்லாஹ் குறையாகக் காட்டவில்லை. மறுமை நாள் வரை ஓதப்படும் வசனமாக ஆக்கிவிட்டான்.

எப்படி அறிவது?

ஒருநாள் உழைத்து ஒருநாள் தூங்கினால் தீருவது சாதாரணக் களைப்பு. இது வேறு. உலக சுகாதார நிறுவனம் 2019 இல் 'பர்ன்அவுட்' என்பதற்கு மூன்று அடையாளங்களைச் சொன்னது. சக்தி முழுவதும் வற்றிப்போன உணர்வு, செய்யும் வேலை மீது ஒட்டாமையும் கசப்பும், எதையும் உருப்படியாகச் செய்ய முடியவில்லை என்ற எண்ணம். அதை ஒரு நோய் என்று அந்நிறுவனம் சொல்லவில்லை. நீண்ட நாள் கவனிக்கப்படாத வேலை நெருக்கடியின் விளைவு என்றே சொன்னது.

நம் வீடுகளில் இது எப்படித் தெரியும்? தூங்கி எழுந்தும் அசதி தீராது. பிள்ளைகள் ஓடிவந்து பேசினால் எரிச்சல் வரும். தொழுகையில் உடல் ஸஃப்பில் நிற்கும். உள்ளம் எங்கோ கிடக்கும்.

சோம்பல் வேறு, இயலாமை வேறு

"இதெல்லாம் சோம்பேறித்தனம்" என்று சிலர் சொல்வார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்து, புகாரியில் இடம்பெறும் ஒரு துஆவைக் கவனியுங்கள். கவலை, துக்கம், இயலாமை, சோம்பல், கஞ்சத்தனம், கோழைத்தனம், கடன் சுமை, மனிதர்களின் அடக்குமுறை ஆகியவற்றிலிருந்து நபி (ஸல்) அவர்கள் அடிக்கடி பாதுகாப்புத் தேடுவார்கள். இதில் 'அஜ்ஸ்' என்ற இயலாமையும் 'கஸல்' என்ற சோம்பலும் தனித்தனியாக வருகின்றன. முடிந்தும் செய்யாதவர் வேறு; செய்ய நினைத்தும் முடியாதவர் வேறு. அதே துஆவில் கடனும் அடக்குமுறையும் சேர்ந்தே வருகின்றன. ஒருவரின் இயலாமைக்குப் பின்னால் இந்த இரண்டும் இருக்கக்கூடும் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

வணக்கத்திலேயே அளவு

உழைப்பு சிறப்பானதுதான். தாவூத் (அலை) அவர்கள் தம் கையால் உழைத்தே உண்டார்கள். ஆனால் உழைப்பைவிட உயர்ந்த வணக்கத்திலேயே நம் மார்க்கம் அளவு வைத்திருக்கிறது.

பள்ளிவாசலில் இரண்டு தூண்களுக்கிடையே ஒரு கயிறு கட்டப்பட்டிருந்தது. தொழுது களைத்தால் பிடித்துக்கொள்ள ஸைனப் (ரலி) அவர்கள் கட்டியது. நபி (ஸல்) அவர்கள் அதை அவிழ்க்கச் சொன்னார்கள். சுறுசுறுப்பு உள்ளவரை தொழ வேண்டும், களைத்தால் அமர்ந்துவிட வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார்கள்.

அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்கள் தினமும் நோன்பு வைத்தார்கள். இரவெல்லாம் நின்று வணங்கினார்கள். உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் அவர் மீது உரிமை உண்டென்று நபியவர்கள் உணர்த்தினார்கள். முதுமையில் அந்தத் தோழரே, அன்று நபியவர்கள் தந்த சலுகையை ஏற்றிருக்கலாமே என ஏங்கினார்கள்.

வணக்கத்துக்கே இந்த அளவு என்றால், ஓவர்டைமுக்கும் வியாபாரத்துக்கும் அளவு வேண்டாமா?

மீள்வது எப்படி?

பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளி என்ன செய்கிறார்? தறியை நிறுத்துகிறார். அறுந்த முனையைத் தேடி முடிந்துவிட்டுத்தான் மீண்டும் நாடாவை ஓட்டுகிறார். நிறுத்த நேரமில்லை என்று நெய்துகொண்டே போனால் அந்தக் குறை சேலையின் நீளத்துக்கும் ஓடும்.

நிறுத்துவதும் அல்லாஹ்வின் கட்டளைதான். ஜும்ஆவுக்கு அழைக்கப்பட்டால் வியாபாரத்தை விட்டுவிடச் சொன்ன அதே இறைவன், தொழுகை முடிந்ததும் பூமியில் பரவி அவன் அருளைத் தேடச் சொல்கிறான். ஐவேளைத் தொழுகையை வேலைக்கு நடுவே வரும் இடைஞ்சலாக எண்ணாமல், மூச்சு வாங்கும் இடமாக ஆக்கிக்கொள்ளுங்கள். இஷாவுக்குப் பின் செல்போனை வைத்துவிட்டு உறங்குங்கள்.

தனியாகச் சுமக்காதீர்கள். கோர்வைச் சேலையில் கரையை உடலோடு இணைக்க ஒருவர் போதாது. பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். அபுத்தர்தா (ரலி) அவர்கள் உறக்கத்தையும் குடும்பத்தையும் மறந்து வணங்கியபோது, அதைக் கண்டு அவரை உண்ண வைத்தவரும் உறங்க வைத்தவரும் ஸல்மான் (ரலி) என்ற நண்பரே. அவர் சொன்னது சரிதான் என்று நபியவர்களும் உறுதிப்படுத்தினார்கள். நம் ஒவ்வொருவருக்கும் ஒரு ஸல்மான் வேண்டும். நாமும் யாருக்காவது ஸல்மானாக இருக்க வேண்டும்.

வாரக்கணக்கில் மனம் இருண்டே இருந்தால் மருத்துவரிடம் செல்லத் தயங்காதீர்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். மருத்துவம் தேடுவது தவக்குலுக்கு எதிரானதல்ல.

வேலை வாங்குபவர்களுக்கு

சகோதரர்களே! ஓய்வெடுங்கள் என்று சொல்வது எளிது. முன்பணம் வாங்கிவிட்ட கூலி நெசவாளி எப்படி ஓய்வெடுப்பார்? சேலையை அறுத்துக் கொடுத்தால்தானே கூலி! ஆகவே இந்த உபதேசத்தில் பாதி வேலை வாங்குபவர்களுக்கே உரியது. பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள். சக்திக்கு மீறிய வேலையைச் சுமத்தக் கூடாது, சுமத்தினால் நீங்களும் உதவ வேண்டும் என்பது அபூதர் (ரலி) அறிவிக்கும் நபிமொழியின் கருத்து. கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படி அல்பகரா அத்தியாயம் கட்டளையிடுகிறது. அதை விட்டுக்கொடுத்துவிடுவது இன்னும் சிறந்தது என்றும் சொல்கிறது.

2023 ஏப்ரல் 21, ரமலானின் கடைசி வெள்ளியன்று, 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு எழுந்தபின் மே 1 அன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் அறிவித்தார். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021 இல் சட்டத் திருத்தம் வந்தது. வாரம் 55 மணி நேரத்துக்கு மேல் உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் எச்சரித்தன. ஆனால் உட்கார ஒரு நாற்காலி கொடுக்க ஒரு முஸ்லிம் முதலாளிக்குச் சட்டம் வர வேண்டுமா? அல்லாஹ் எந்த ஆன்மாவையும் அதன் சக்திக்கு மேல் சிரமப்படுத்துவதில்லை. அவன் சுமத்தாததை அவனுடைய அடியார் மீது சுமத்த நாம் யார்?

வல்ல அல்லாஹ் நம் உழைப்பில் பரக்கத்தையும் ஓய்வில் நிம்மதியையும் தருவானாக! கவலையிலிருந்தும் இயலாமையிலிருந்தும் கடன் சுமையிலிருந்தும் நம் அனைவரையும் காப்பானாக! நம் கைகளால் யாரும் நசுக்கப்படாமல் நம்மைப் பாதுகாப்பானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.