மண்ணும் வண்ணமும்

ஓர் ஓவியத்தைப் பார்த்து 'இது இந்திய ஓவியம்' என்கிறோம். அதை இந்திய ஓவியமாக்குவது எது? அதில் பூசிய வண்ணமா, அது சித்திரிக்கும் கதையா, வரைந்தவரின் பிறப்பா?

ஆன்மிக சாதகனுக்கு இக்கேள்வி இன்னும் கூர்மையானது. நாம ரூபங்களுக்கு அப்பாற்பட்டதே உண்மை என்று வேதாந்தம் போதிக்கிறது. சாந்தோக்ய உபநிஷதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்கு மண்ணையும் மண்பாண்டத்தையும் உதாரணமாகக் காட்டியே அதை உணர்த்துகிறார். பாண்டங்கள் பல, மண் ஒன்று. அவ்வாறெனில் 'என் நாட்டுக் கலை, என் மரபின் வண்ணம்' என்று ஒரு கலைஞர் பற்றுக்கொள்வது அபிமானம் ஆகாதா? களைய வேண்டிய பற்றுகளில் அதுவும் ஒன்றல்லவா?

அஜந்தாவின் நீலம்

முதலில், பொருளே ஒரு கலையின் அடையாளம் என்ற கருத்தை ஆராய்வோம். அஜந்தா குகைகளின் சுவர்களில் களிமண்ணோடு உமி, வைக்கோல் முதலியவற்றைக் கலந்து பூசி, அதன்மேல் மெல்லிய சுண்ணப்பூச்சு இட்டு வரைந்தனர். காவி, மஞ்சள், பச்சை ஆகியவை அப்பகுதியின் மண்ணிலும் பாறையிலும் கிடைத்தவை. கருமை விளக்குப் புகையில் திரண்டது. ஆனால் அங்குள்ள ஆழ்ந்த நீலம் லாபிஸ் லசுலி என்ற கல்லைப் பொடித்துப் பெற்றது. அக்கல் இன்றைய ஆப்கானிஸ்தானின் மலைகளிலிருந்து வணிகர் வழியே வந்தது. அந்நிய நிலத்துக் கல் கலந்ததால் அஜந்தாவின் இயல்பு கெட்டுவிடவில்லை.

இதன் மறுபக்கத்தைக் காட்டுபவர் ராஜா ரவிவர்மா. அவர் கையாண்ட எண்ணெய் வண்ணமும் அதன் உத்தியும் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. அவ்வோவியங்களில் பாரதத்தின் ஆன்மா இல்லை என்று சகோதரி நிவேதிதை போன்றோர் குறைகூறினர். அக்குறையை முற்றிலும் புறக்கணிக்க இயலாது. எனினும் 1894-இல் அவர் மும்பையில் நிறுவிய அச்சகத்தின் படங்கள், கோயிலுக்குள் அனுமதிக்கப்படாத எளியோரின் இல்லங்களிலும் பூஜைக்குரிய திருவுருவங்களாயின. அப்படத்தின் முன் விளக்கேற்றியவர் வண்ணத்தின் பிறப்பிடத்தை விசாரிக்கவில்லை.

ஆகவே, அடையாளம் பொருளில் மட்டும் உறைவதன்று என்பது தெளிவு. அப்படியானால் ஒரு கலைஞர் தம் மண்ணின் வண்ணத்தை ஏன் நாட வேண்டும்?

ஹரிபுரா தரும் விடை

நந்தலால் போஸின் வாழ்வு இதற்கு விடை தருகிறது. அவனீந்திரநாத் தாகூரின் மாணவரான அவர், நிவேதிதையின் ஊக்கத்தால் 1909-இல் அஜந்தாவுக்குச் சென்று அச்சுவரோவியங்களைப் படியெடுத்தார். 1924-இல் ரவீந்திரநாத் தாகூருடன் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் பயணம் செய்தார். கிழக்காசியத் தூரிகையின் வீச்சும் மையின் அடக்கமும் அவரது கோடுகளில் கலந்தன. பிறரிடம் கற்பதை அவர் இழுக்காகக் கருதவில்லை.

1938-இல் குஜராத்தின் ஹரிபுரா கிராமத்தில் காங்கிரஸ் மாநாடு கூடியது. அதை அலங்கரிக்கும் பணியை மகாத்மா காந்தி நந்தலாலிடம் ஒப்படைத்தார். செலவு குறைவாக இருக்க வேண்டும். எளிய கிராமப் பொருட்களே போதும் என்பது காந்தியின் விருப்பம். கைவினைத் தாளும் மண்வண்ணங்களும் கொண்டு நந்தலால் 80-க்கும் மேற்பட்ட சித்திரங்களை வரைந்தார். மாணவர்களும் உடன்வரைய, ஏறத்தாழ 400 சித்திரங்கள் உருவாயின. மேளம் கொட்டுபவர், தையற்காரர், தச்சர், காளையைப் பிடித்து நிற்பவர் என உழைப்போரே அவற்றின் நாயகர்கள். திறந்தவெளியில், வழிநடப்போர் எல்லோரும் காணுமாறு அவை வைக்கப்பட்டன.

இங்கு மண்வண்ணத்தின் பொருள் விளங்குகிறது. அது பளபளக்காது, நுணுக்க விளையாட்டுக்கு அதிகம் இடம் தராது. தன் திறமையைக் காட்ட விரும்பும் கலைஞரை அது அடக்குகிறது. நிலத்தை உழுபவர் தம் நிலத்தின் நிறத்திலேயே தம் உருவத்தைக் காண்கிறார். அந்நியப் பொருளின்மீது கொண்ட வெறுப்பால் நந்தலால் மண்ணை எடுக்கவில்லை. காணப்போகும் மனிதர்மீது கொண்ட மதிப்பால் எடுத்தார்.

அபிமானமும் நன்றியும்

'இது என்னுடையது, ஆகவே உயர்ந்தது' என்பது அபிமானம். 'இது எனக்கு அளிக்கப்பட்டது, ஆகவே பேணத்தக்கது' என்பது நன்றி. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். ஒரே உடை, ஒரே மொழி, ஒரே வண்ணம். பிறரைக் கண்டதும் மனம் சுருங்குகிறதா, விரிகிறதா என்பதே அவற்றைப் பிரித்தறியும் உரைகல்.

மண் ஒன்றே என்று அறிந்தவரும் நீர் மொள்ளக் குடத்தைத்தான் எடுக்கிறார். குடம் வேண்டாம், மண்ணே போதும் என்றால் தாகம் தீராது. என் குடத்து நீரே நீர் என்றாலும் அறியாமையே. நாம் பிறந்த மொழியும் வழிபாட்டு முறையும் பண்பாடும் நமக்கு வாய்த்த குடங்கள். அவற்றைத் தூய்மையாக வைத்திருப்போம். தாகத்தோடு வருபவர் எவராயினும் அவருக்கு அதிலிருந்து நீர் வார்ப்போம்.