கூலியும் சாட்சியும்

கிரேட் நிகோபார் தீவின் கலாத்தியா விரிகுடா, லெதர்பேக் கடலாமைகள் முட்டையிடக் கரையேறும் இடம். முதுகில் ஏழு வரிகள் ஓடும் இந்த ஆமைதான் உலகின் மிகப் பெரிய ஆமை இனம். 2021 ஜனவரியில் அந்த விரிகுடாவின் சரணாலயத் தகுதி நீக்கப்பட்டது. 2022 நவம்பரில், துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், நகரியம் என்று சுமார் 166 சதுர கிலோமீட்டரில் விரியும் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. அழியப்போகும் மழைக்காட்டுக்கு ஈடாக மரம் நட ஹரியானாவில் இடம் பார்த்தார்கள் என்பது தனிக் கதை. இங்கே உறுத்துவது வேறொன்று. ஆமையையும் மெகாபோட் பறவையையும் பவளத்தையும் காக்கும் திட்டங்களை வகுக்கும் பொறுப்பு, அந்த உயிர்களுக்காக வெளியே நின்று பேசியிருக்க வேண்டிய நாட்டின் முதன்மை ஆய்வு நிறுவனங்களுக்கே, திட்டத்தின் ஓர் அங்கமாக வந்து சேர்ந்தது. வேலைக்குள் போனவர் வெளியே நின்று எப்படிப் பேசுவார்?

அரசு நிறுவனங்களுக்கே இந்த நிலை என்றால், தனி ஆட்களின் நிலை இன்னும் சிக்கல். காட்டுயிர் படித்த ஒருவர் வாரம் முழுவதும் சுரங்க நிறுவனத்துக்கோ சாலை நிறுவனத்துக்கோ சூழலியல் கன்சல்டன்ட். ஞாயிற்றுக்கிழமை காட்டுயிர் காக்கும் தொண்டு அமைப்பின் தன்னார்வலர். இரண்டையும் ஒருவரே செய்யலாமா? ஒரே நிலத்தின், ஒரே உயிரின் விஷயத்தில் செய்யக் கூடாது. இதில் தயங்க ஒன்றுமில்லை.

காரணம், நம் சட்டத்தின் அமைப்பு அப்படி. 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைத் தயாரிக்க வேண்டியவர் திட்டம் கொண்டுவருபவரே. கன்சல்டன்டைத் தேர்வதும் அவர், பணம் கொடுப்பதும் அவர், பிடிக்காவிட்டால் அடுத்த முறை கூப்பிடாமல் விடுவதும் அவர். இந்த ஏற்பாடு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ரத்னகிரி சாட்சி. அங்கே ஒரு பாக்சைட் சுரங்கத்துக்காக எழுதப்பட்ட அறிக்கையில் ஸ்ப்ரூஸ் மரமும் பிர்ச் மரமும் முளைத்திருந்தன. ரஷ்யச் சுரங்க அறிக்கை ஒன்றிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்து ஒட்டியிருந்தார்கள். கொங்கண் கரையில் பனிதேசத்துக் காடு!

அதைப் போன்ற பச்சைத் திருட்டாவது ஒருநாள் பிடிபடும். பிடிபடாத பொய் ஒன்று உண்டு. பெரும்பாலான திட்டங்களுக்கு மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தின் கள ஆய்வே போதும் என்பது நடைமுறை. மேற்குத் தொடர்ச்சி மலையின் தவளைகளில் பல, தென்மேற்குப் பருவமழை இறங்கிய பிறகுதான் குரல் கொடுக்கும். மார்ச் மாதம் அதே ஓடையோரம் இரவெல்லாம் டார்ச் அடித்து நடந்தாலும் சருகுதான் தெரியும். அறிக்கையின் பட்டியலில் அந்தத் தவளை இராது. எழுதியவர் பார்த்ததைத்தான் எழுதினார். ஒரு வரிகூடப் பொய்யில்லை. ஆனால் அவரே போன ஜூன் மாதம் தன் அமைப்பின் இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு, கொட்டும் மழையில் அட்டை கடிக்க நின்று, அந்தத் தவளையைப் படம் எடுத்திருந்தால்? தன்னார்வலராக அறிந்ததைக் கன்சல்டன்டாக மறந்துவிடுகிறார். தன் நெஞ்சுக்குத் தெரிந்ததை மறைப்பவரை அந்த நெஞ்சே சுடும் என்று வாய்மை அதிகாரத்தில் எச்சரித்த வள்ளுவர் இவரைப் போன்றவரைத்தான் மனதில் வைத்திருப்பார்.

சிலப்பதிகாரத்தில் பாண்டியன் ஏன் தவறினான்? ஆராயாமல் தீர்ப்புச் சொன்னான் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே படிக்கிறோம். அவன் ஆளைக் கேட்காமல் இல்லை. சிலம்பு பற்றிப் பேசத் தகுதியுள்ள, தொழில் தெரிந்த பொற்கொல்லன் சொல்லைத்தான் கேட்டான். அந்த நிபுணனுக்கு வழக்கில் சொந்த லாபம் இருந்தது என்பதைத்தான் விசாரிக்கவில்லை. அரசியின் சிலம்பைத் திருடியவனே திருடனை அடையாளம் காட்டினான். விளைவாக ஒரு நகரமே எரிந்தது. நிபுணர் சொல்லை அறம் இரண்டு கேள்விகளால் அளக்கச் சொல்கிறது: அவருக்குத் தெரியுமா, அவருக்கு அதில் ஆதாயம் உண்டா? நம் அங்கீகார முறைகள் முதல் கேள்வியோடு நின்றுவிடுகின்றன.

மனுநீதிச் சோழன் கதையில் கன்றை இழந்த பசு தானே வந்து ஆராய்ச்சி மணியை இழுத்தது. ஆமைக்கு அந்த வசதி இல்லை. அதற்காக மணியை இழுக்க வேண்டியவர் தன்னார்வலர். இடித்துச் சொல்லும் ஆள் இல்லாத மன்னன் பகைவரே இல்லாவிட்டாலும் கெடுவான் என்பதும் வள்ளுவர் வாக்கு. இடித்துரைக்கும் நாக்குக்கு மாதச் சம்பளம் போட்டுவிட்டால் அரசையும் நிறுவனங்களையும் யார் திருத்துவது? முல்லைக்குத் தேரை விட்டுவந்த பாரியும் மயிலுக்குப் போர்வை தந்த பேகனும் கணக்குப் பார்த்துக் கொடுத்தவர்கள் அல்லர். இன்றைய அறிக்கைக்காரர் கையில் அகப்பட்டிருந்தால் பாரியின் தேரையும் ‘தணிப்பு நடவடிக்கை’ என்று நான்காம் அத்தியாயத்தில் சேர்த்திருப்பார்.

தொண்டு அமைப்புகளும் தப்ப முடியாது. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம் வந்தபின், பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். காட்டுயிர்ப் பாதுகாப்பும் அந்தப் பட்டியலில் உண்டு. ஈரநிலத்தை நிரப்பும் கையே பறவைக் கணக்கெடுப்புக்குப் பனியன் அச்சடித்துத் தருகிறது. கூலியில்லாமல் விடியற்காலையில் எழுந்து மாணவர்கள் சேர்த்த கணக்கு, பிறகு யாரோ ஒருவர் எழுதும் அறிக்கைக்குப் பின்னிணைப்பாகிறது. அமைப்பின் முத்திரை, திட்டத்துக்கு நற்சான்றாகிறது.

வயிற்றுப்பாடு என்று ஒன்று உண்டு, உண்மைதான். காட்டுயிர் படித்தவருக்கு வேலை குறைவு. நல்லவர்கள் விலகினால் அறிக்கைகள் இன்னும் மோசமாகும் என்றும் சொல்வார்கள். அப்படியானால் நேர்மையான கன்சல்டன்டாக மட்டும் இருக்கட்டும். மழைக்காலத்திலும் ஆய்வு வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அதற்குத் துணிவில்லாதவர் ஞாயிற்றுக்கிழமைத் தொண்டால் திங்கட்கிழமைக் கணக்கைத் தீர்க்க முடியாது.

திட்டக்காரர் தரும் ஆய்வுக் கட்டணம் அரசின் பொது நிதிக்குப் போய், அங்கிருந்து குலுக்கலில் ஆய்வாளர் அமர்த்தப்பட வேண்டும். அது வரும்வரை ஒவ்வொரு காட்டுயிர் அமைப்பும், தன் நிர்வாகிகளும் முன்னணித் தன்னார்வலர்களும் எந்தெந்தத் திட்டத்தில் கட்டணம் வாங்கினார்கள் என்பதை ஆண்டறிக்கையில் அச்சிட வேண்டும். அடுத்த முறை நன்கொடைச் சீட்டோடு யாராவது வந்து நின்றால் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் பணத்தை வேறு அமைப்புக்குக் கொடுங்கள்.