பாத்தியில் ஓர் ஆங்கில வகுப்பு

வேதாரண்யத்தை அடுத்த கருப்பம்புலம், ஆயக்காரன்புலம் பக்கம் பெற்றோரோடு முல்லைக் கொல்லையில் இறங்கி அரும்பு பறித்துப் பழகிய பிள்ளைகள் உண்டு. எந்த மொட்டு இன்று மாலை விரியும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். அதே பிள்ளையை வகுப்பில் எழுப்பி ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் கேட்டால் தலை குனிந்துவிடுகிறது. தனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றி அந்த மொழியில் அதனிடம் யார் எப்போது கேட்டார்கள்?

கைவேலை வழியே கற்பிப்பது புதிதல்ல. 1937 வார்தா மாநாட்டில் உருவான காந்தியின் ஆதாரக் கல்வி, கைத்தொழிலை நடுவில் வைத்தது. அந்த ஏழாண்டுப் படிப்பில் ஆங்கிலத்துக்கு இடமில்லை. காந்திய வழி நின்ற சர்தார் வேதரத்தினம் பிள்ளை 1946இல் வேதாரண்யத்தில் கஸ்தூர்பா காந்தி கன்யா குருகுலத்தைத் தொடங்கினார். இன்றோ அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம் வந்துவிட்டது. வரட்டும், வேண்டியதுதான். கையால் கற்பதை நழுவவிட்டோமே என்பதுதான் என் வருத்தம்.

இரண்டையும் சேர்க்கப் பள்ளிக்குப் பின்னால் கொஞ்சம் மணல், கைப்பிடி அவரை விதை போதும். ஆசிரியை ‘டிக்’ என்று சொல்லித் தானே விரலால் குழி பறிக்கிறார். பிள்ளைகளும் பறிக்கிறார்கள். ‘புட் த சீட்’, ‘கவர் இட்’, ‘வாட்டர் இட்’. யாரும் தமிழில் பொருள் சொல்லவில்லை, கைக்குப் புரிந்துவிட்டது. கட்டளையைக் கேட்டு உடலால் செய்யும் பிள்ளை, பேசச் சொல்லி நெருக்காமலே மொழியை உள்வாங்கும் என்பதை அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களிலிருந்து வலியுறுத்தினார்.

நான் அதற்கு மேலும் ஒன்றைப் பெரிதாக நினைக்கிறேன். ஆசிரியை தெரியாமல் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றும்போது, ‘நோ மிஸ், டூ மச் வாட்டர்!’ என்று ஒரு பிள்ளை பதறித் தடுக்கும். அந்த இடத்தில் மிஸ்ஸைவிட அதற்குத்தான் விஷயம் தெரியும். இலக்கணப் பிழையைப் பற்றிய பயம் அப்போது அதற்கு வராது. சொல்லியே ஆக வேண்டிய ஒன்று தன்னிடம் இருக்கிறபோதுதான் பிள்ளை எந்த மொழியிலும் வாய் திறக்கிறது.

எழுத்துக்கூட்டவும் வாசிக்கவும் நோட்டுப் புத்தகம் வேண்டும், அதைப் பாத்தி தந்துவிடாது. ஆனால் நோட்டில் எழுத விஷயம் தரும். 2018 கஜா புயலில் விழுந்த மாமரத்துக்குப் பதிலாக அப்பா வைத்த கன்று எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று எழுதச் சொன்னால் எந்தப் பிள்ளைக்குக் கை ஓடாது?

ஆசிரியப் பெருமக்களே, வரும் ஆடிப் பட்டத்தில் ஒரு பாத்தி போடுங்கள். என்ன விதைக்கலாம் என்று பிள்ளைகளிடமே ஆங்கிலத்தில் கேளுங்கள்.